சிவப்பு மையில் 'ஸோ வாட்?' (அதனால் என்ன?) என்று வந்தால்: ஆங்கில வகுப்புக் கட்டுரையைச் சரிசெய்யும் வழி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பலர் 'ஏபி இங்கிலிஷ் லாங்குவேஜ்' என்ற கல்லூரித் தரப் பாடத்தை எடுக்கிறார்கள். கதையும் கவிதையும் படிக்கும் வகுப்பு என்று நினைத்துச் சேர்கிறவர்கள் முதல் மாதமே திகைத்துப் போகிறார்கள். ஒருவர் பேசியதையோ எழுதியதையோ கையில் கொடுத்து, கேட்பவர் மனதை இது எப்படி அசைத்தது என்று கேட்கும் பாடம் இது. பிறகு நீயும் வாதாடு என்று சொல்லும். மே மாதத் தேர்வில் 3 கட்டுரைகள். அவற்றுக்கு 2 மணி 15 நிமிடம். மொத்த மதிப்பெண்ணில் 55 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளிகள்: தீசிஸ் என்கிற மையக் கூற்றுக்கு 1, சான்றுக்கும் அதை விளக்குவதற்கும் 4, முதிர்ந்த பார்வைக்கு 1.

மதுரையில் சில வருடங்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திவிட்டு இங்கே வந்தவள் நான். சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் திருத்தி வந்த தாளோடு எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ ஊரில் முடித்துவிட்டு வந்தவர்கள். இலக்கணம் சுத்தமாக இருக்கும், உழைப்பும் இருக்கும். ஆனாலும் மதிப்பெண் ஆறுக்கு மூன்றில் நின்றுவிடும். ஆசிரியர் ஓரத்தில் எழுதுவது இரண்டு மூன்று சொல்தான். அந்தச் சொற்களையே நோய்க்குறியாக எடுத்துக்கொண்டு, எங்கே பழுது, எப்படிச் சரிசெய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையின் தாளில் எந்தக் குறிப்பு இருக்கிறதோ நேராக அங்கே போகலாம்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஒரே கடிதத்திலிருந்து எடுக்கிறேன். 1963 ஏப்ரல் 12, புனித வெள்ளி. அலபாமாவின் பர்மிங்ஹாமில் நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங் கைதானார். அதே தேதியிட்டு அலபாமாவின் வெள்ளைச் சமயத் தலைவர்கள் எட்டுப் பேர், இந்தப் போராட்டம் அறிவுடைமையும் அல்ல, அதற்கு ஏற்ற காலமும் இது அல்ல என்று அறிக்கை விட்டார்கள். சிறைக்குள்ளிருந்து கிங் அவர்களுக்கு எழுதிய பதில்தான் ஏப்ரல் 16 தேதியிட்ட கடிதம். செய்தித்தாளின் ஓரத்திலும் கிடைத்த துண்டுக் காகிதங்களிலும் எழுதத் தொடங்கியது.

குறிப்பு: 'சம்மரி'

கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பிள்ளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறான். முதலில் இதைச் சொல்கிறார், பிறகு அதைச் சொல்கிறார், கடைசியில் இப்படி முடிக்கிறார்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கட்டுரையில் 'கிங்' என்ற பெயருக்குப் பின்னால் வரும் வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். 'சேய்ஸ்', 'டாக்ஸ் அபவுட்', 'மென்ஷன்ஸ்' என்றே வந்துகொண்டிருந்தால் அது கதைச் சுருக்கம். அந்த இடங்களில் அவர் என்ன *செய்கிறார்* என்று கேளுங்கள். ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா, எதிராளியின் சொல்லைத் திருப்பிப் போடுகிறாரா, பாராட்டிவிட்டுக் கண்டிக்கிறாரா? வினைச்சொல் மாறினால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கூடவே வந்துவிடும். 'திருப்பிப் போடுகிறார்' என்று எழுதிவிட்டால், எதை, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது. பாதிக் கட்டுரை இந்த ஒரு மாற்றத்திலேயே நிமிர்ந்து நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்பு: 'ஸோ வாட்?'

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அதிகம் வருகிறது. இதுதான் பிள்ளையை அதிகம் புண்படுத்துகிறது. போன மாதம் ஒரு பையன் தாளை மேசையில் போட்டுவிட்டு, "ஈதோஸ்னு கரெக்டாதானே ஆன்ட்டி எழுதியிருக்கேன், இன்னும் என்ன வேணுமாம்?" என்றான். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஈதோஸ் என்றால், பேசுகிறவர் மேல் நம்பிக்கை வரச் செய்து கேட்பவரை வசப்படுத்தும் உத்தி. அவன் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"கிங் அகஸ்டின், அக்வினாஸ் போன்ற அறிஞர்களைக் குறிப்பிட்டு ஈதோஸைப் பயன்படுத்துகிறார். இது அவருடைய நம்பகத்தன்மையை உயர்த்தி வாசகரை ஈர்க்கிறது."

தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கிங் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரை வைத்தாலும் இந்த வாக்கியம் நிற்கும். சோதனையே அதுதான்: பெயரை மாற்றினாலும் வாக்கியம் உண்மையாகவே இருந்தால், அது இந்தக் கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நம்மூரில் அணி இலக்கணம் படித்த பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் கூடுதலாகவே உண்டு. செய்யுளைப் பார்த்து 'இது வேற்றுமை அணி' என்று பெயர் சொல்லி, விளக்கம் எழுதி, பொருத்திக் காட்டினால் முழு மதிப்பெண். இங்கே பெயர் சொல்வது கதவைத் தட்டுகிற அளவுக்குத்தான்.

"சரி கண்ணா, லெட்டர் யாருக்கு?" என்று கேட்டேன்.

"எட்டு கிளெர்ஜிமென்."

"எல்லாரும் ஒரே சபையா?"

அவனுக்குத் தெரியவில்லை. சேர்ந்து தேடிப் பார்த்தோம். அந்த எட்டுப் பேரில் எபிஸ்கோப்பல், மெத்தடிஸ்ட் ஆயர்கள் இருந்தார்கள். பிரெஸ்பிட்டீரியன், பாப்டிஸ்ட் போதகர்கள் இருந்தார்கள். கத்தோலிக்க ஆயர் ஒருவர், யூத ரபி ஒருவர். இப்போது கிங் நியாயமான சட்டம், அநியாயமான சட்டம் என்று பிரித்துப் பேசும் பகுதிக்கு வந்தோம். அகஸ்டினைச் சொல்கிறார்: நியாயமற்ற சட்டம் சட்டமே இல்லை. அடுத்து தாமஸ் அக்வினாஸ், கத்தோலிக்க இறையியலின் தூண். அடுத்து மார்ட்டின் பூபர், யூதத் தத்துவ அறிஞர். அடுத்து பால் டில்லிக், புராட்டஸ்டன்ட் இறையியலாளர்.

பையன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். "அவங்கவங்க ஆளையே கூப்பிடுறார் ஆன்ட்டி!"

அதேதான். சட்டத்தை மீறுகிறாய் என்று குற்றம் சாட்டியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பிரசங்கத்தில் மேற்கோள் காட்டும் ஆசானையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார் கிங். அவரை மறுக்க வேண்டுமானால் முதலில் தங்கள் ஆசானை மறுக்க வேண்டும். அவன் திருத்தி எழுதியதில் 'ஈதோஸ்' என்ற சொல்லே இல்லை. புள்ளி மட்டும் ஏறியது.

ஆகவே 'ஸோ வாட்?' வந்த இடத்தில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். இந்த வரியைப் படிக்கிறவர் யார்? இதைப் படிக்கும் முன் அவர் என்ன நம்பிக்கொண்டிருந்தார்? படித்தபின் எதைச் சொல்ல அவருக்கு வாய் வராது? மூன்றாவதுதான் சரியான திறவுகோல். அதற்குப் பதில் கிடைத்தால் மீதி தானாக வரும்.

இன்னொரு படி ஏற விரும்பும் பிள்ளைக்கு: கடிதத்தின் தலைப்பில் எட்டுப் பேர் இருந்தாலும், அதே ஆண்டிலேயே அது அச்சாகி நாட்டு மக்கள் கைக்குப் போனது. எட்டுப் பேரிடம் பேசுவது போல் பேசி, பக்கத்தில் நின்று கேட்கிறவர்களையும் தன் பக்கம் சேர்க்கிறார். அந்த இரட்டைக் கேட்போரைப் பற்றிக் கட்டுரை முழுக்கத் தொடர்ந்து பேசினால், முதிர்ந்த பார்வைக்கான அந்த ஆறாவது புள்ளிக்கு வழி உண்டு.

குறிப்பு: தீசிஸைச் சுற்றி வட்டம், பக்கத்தில் 'வேக்' (தெளிவில்லை)

'கிங் பல உத்திகளைக் கையாண்டு தன் கருத்தைத் திறம்பட வெளிப்படுத்துகிறார்.' யாரும் மறுக்க மாட்டார்கள், அதுதான் பழுது. ஒருவராவது 'அப்படியா?' என்று புருவம் உயர்த்தக்கூடிய கூற்றாக அது இருக்க வேண்டும். 'அவசரக்காரன் என்று தன்னைக் கண்டித்தவர்களிடம், பொறுத்திருப்பது யாருக்குச் சுலபம் என்ற கேள்வியைத் திருப்பி விடுகிறார். அதைத் தத்துவமாகச் சொல்லி ஆரம்பித்துத் தன் குழந்தையின் கண்ணீரில் கொண்டுவந்து நிறுத்துகிறார்' என்று எழுதினால் அதற்குள்ளேயே பத்திகளின் வரிசையும் கிடைத்துவிடுகிறது. உத்திகளின் பட்டியல் தீசிஸில் இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

குறிப்பு: 'ஹவ் டஸ் திஸ் ப்ரூவ் இட்?' (இது அதை எப்படி நிரூபிக்கிறது?)

இது வாதக் கட்டுரையில் வரும். கூற்று இருக்கிறது, சான்று இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை.

'பள்ளியில் கைபேசிக்கு முழுத் தடை வேண்டும். என் வகுப்பில் பாடம் நடக்கும்போதே பலர் கைபேசி பார்க்கிறார்கள்.' படிப்பவர் கேட்பார்: அதனால் என்ன, பார்க்கிறவர்களிடம் மட்டும் வாங்கி வைத்தால் போதாதா? எழுதிய பிள்ளையின் மனதில் அதற்குப் பதில் இருக்கிறது. காகிதத்தில்தான் இல்லை.

ஸ்டீஃபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோது, சான்றிலிருந்து கூற்றுக்குப் போக அனுமதி தரும் அந்தப் பாலத்தை 'வாரன்ட்' என்றார். இங்கே ஆசிரியர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு நான் மணிமேகலையின் 29ஆம் காதையிலிருந்து சொல்லித் தருவேன். அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தருக்க முறை, சொல்லும் இடம். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்பு. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிகிறதே, அதனால், அடுக்களையைப் போல, இந்த மலையிலும் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது. நடுவில் அடுக்களை எதற்கு? புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற பொது உறவை, எல்லார் வீட்டிலும் பார்த்த ஒன்றைக் கொண்டு நிறுத்துவதற்கு. நம் பிள்ளைகள் மலையையும் புகையையும் எழுதிவிட்டு அடுக்களையை விட்டுவிடுகிறார்கள்.

கைபேசிக் கட்டுரையில் அடுக்களை எது என்று அதை எழுதிய பெண்ணைக் கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒருத்தர் பார்த்தா பக்கத்துல இருக்கறவங்க கண்ணும் அங்க போயிடும் ஆன்ட்டி, தியேட்டர்ல நடக்குமே, அது மாதிரி" என்றாள். அருமை. இருட்டு அரங்கில் எங்கோ முன்வரிசையில் ஒரு திரை ஒளிர்ந்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லாருக்கும் படம் அறுந்துபோகிறது. கவனச் சிதறல் ஒருவரோடு நிற்பதில்லை; அதனால்தான் தனித்தனியாகத் தண்டிப்பது போதாது, எல்லாருக்கும் பொதுவான விதி வேண்டும். அந்த இரண்டு வாக்கியத்தைச் சேர்த்ததும் அதே சான்று வேலை செய்தது. சான்றுகள் மூன்று நான்கு அடுக்குவதை விட, ஒன்றுக்கு இப்படிப் பாலம் போடுவது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

குறிப்பு: எதிர்வாதப் பத்தியில் 'வீக்' (பலமில்லை)

'சிலர் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் தவறு.' அவ்வளவுதான் பத்தி. எதிராளியை வைக்கோல் பொம்மையாகக் கட்டி ஒரே அடியில் சாய்ப்பது.

சோதனை: எதிர்த்தரப்புக்காரர் அந்தப் பத்தியைப் படித்து 'ஆமாம், நான் சொல்ல வந்ததை இவள் சரியாகச் சொல்லிவிட்டாள்' என்பாரா? சொல்ல மாட்டார் என்றால் திரும்ப எழுத வேண்டும். கிங்கைப் பாருங்கள். தன்னைத் தீவிரவாதி என்று சொன்னதில் முதலில் ஏமாற்றம் அடைந்ததாக ஒப்புக்கொள்கிறார். யோசிக்க யோசிக்க அந்தப் பட்டம் பிடித்துப்போனது என்கிறார். இயேசு அன்பில் தீவிரவாதி இல்லையா என்று கேட்டு, ஆமோஸ், பவுல், லிங்கன், ஜெஃபர்சன் என்று அடுக்குகிறார். இனிமேல் அந்தச் சொல்லை அவர்மேல் வீசுவது எளிதல்ல. இன்னொன்று: எட்டுப் பேரில் ஒருவரான பாப்டிஸ்ட் போதகர் ஸ்டாலிங்ஸ் கறுப்பர்களைப் பிரிக்காமல் வழிபாட்டில் அனுமதித்ததை, பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். மெய்யான இடத்தில் விட்டுக்கொடுப்பவருடைய கண்டிப்புக்குத்தான் காது கிடைக்கும்.

வாக்கியத்தில் வரும் சின்னக் கோளாறுகள்

*'கமா ஸ்ப்ளைஸ்'.* இது தமிழ்க் கையின் பழக்கம். 'மழை வந்தது, நாங்கள் கிளம்பவில்லை' என்று தமிழில் காற்புள்ளி போட்டால் யாரும் திருத்த மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் தாங்காது. முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, அல்லது 'பட்', 'ஸோ' போல ஓர் இணைப்புச் சொல் வேண்டும். சந்தேகம் வரும் இடத்தில் முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

*'டாங்ளிங் மாடிஃபையர்'.* 'சிறையில் உட்கார்ந்தபடி, கடிதம் எட்டுப் பேரைக் கண்டிக்கிறது' என்ற ரகம். உட்கார்ந்தது யார், கடிதமா? இதற்கும் காரணம் தமிழில் இருக்கிறது. 'மழை பெய்து பயிர் விளைந்தது' என்று வினையெச்சத்துக்கு ஒரு எழுவாயும் முற்றுக்கு வேறு எழுவாயும் வைக்க, காரணப் பொருளில் நம் மொழி இடம் கொடுக்கிறது. 'இங்' போட்டு ஆரம்பிக்கும் ஆங்கில வாக்கியம் அப்படி இடம் கொடுப்பதில்லை. காற்புள்ளிக்கு அடுத்த சொல்லில் விரலை வைத்து, 'இவரா அதைச் செய்தார்?' என்று கேட்டால் போதும்.

*'வர்டி'.* சொல் அதிகம் என்று பொருள். 'ஷன்' என்று முடியும் சொற்களை வட்டமிடுங்கள். ஒரு பத்தியில் ஆறேழு வட்டம் விழுந்தால் வினைச்சொற்கள் எல்லாம் பெயர்ச்சொல்லாக உறைந்துபோயிருக்கின்றன என்று பொருள். தமிழிலும் 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது' என்று அலுவலகக் கடிதம் எழுதும். 'ஆராய்ந்தார்கள்' என்று மனிதர் எழுதுவார். அதே மருந்து இங்கேயும்.

*'திஸ்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம்.* எது 'இது'? அடுத்து ஒரு பெயர்ச்சொல் சேருங்கள்: இந்த மறுப்பு, இந்த ஒப்பீடு, இந்த மௌனம்.

'சின்டாக்ஸைப் பற்றி எழுது' என்றால் பேனா நிற்கிறது

சொல் தேர்வைப் பற்றி எழுதும் பிள்ளை வாக்கிய அமைப்பு என்றதும் 'நீளமான வாக்கியம் எழுதுகிறார், இது முக்கியத்துவம் தருகிறது' என்று எழுதிவிட்டு நின்றுவிடும். நீளம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் கண்ணில் கிடைக்காது, வாயில்தான் கிடைக்கும். ஆகவே மருந்து ஒன்றுதான்: சத்தமாகப் படிப்பது.

கடிதத்தில் ஒரு வாக்கியம் 300 சொற்களுக்கு மேல் போகிறது. நிறப் பிரிவினையின் கூரான அம்பு தைக்காதவர்கள் 'பொறு' என்று சொல்வது சுலபமாக இருக்கலாம் என்று முடித்துவிட்டு, அடுத்ததாக அதைத் தொடங்குகிறார். வெறிக் கும்பல் உங்கள் தாயையும் தந்தையையும் அடித்துக் கொல்வதைப் பார்த்திருக்கும்போது. போலீஸ்காரர் உங்கள் சகோதரரை உதைப்பதைப் பார்த்திருக்கும்போது. தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஏன் போக முடியாது என்று ஆறு வயது மகளிடம் சொல்ல வரும்போது நாக்கு குழறும்போது. எந்த விடுதியும் சேர்க்காததால் இரவுக்கு இரவு காரின் மூலையில் முடங்கித் தூங்கும்போது. இப்படி 'வென் யூ', 'வென் யூ' என்று அரைப்புள்ளி மேல் அரைப்புள்ளியாக ஏறிக்கொண்டே போகிறது. முதன்மை வினை வரவே இல்லை.

போன சனிக்கிழமை ஒரு பெண் இதை எழுந்து நின்று படித்தாள். நாலாவது அரைப்புள்ளியில் மூச்சு வாங்கினாள். மகளின் கண்ணில் நீர் திரளும் இடத்தில் வேகம் குறைந்தது. பாதியில் நிமிர்ந்து, "எப்ப ஆன்ட்டி முடியும் இது?" என்றாள். மற்ற பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படி என்று கை காட்டினேன். கடைசியில் வந்தது: நாங்கள் பொறுத்திருப்பது ஏன் கடினம் என்று அப்போது உங்களுக்குப் புரியும்.

இவ்வளவு நேரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டேன். "வெயிட் பண்ணிட்டிருந்தேன்" என்றவள், சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆங்கிலத்தில் இதற்கு 'பீரியாடிக் சென்டன்ஸ்' என்று பெயர்: முக்கியமான கூற்றைக் கடைசிவரை பிடித்துவைக்கும் வாக்கியம். எழுவாயும் வினையும் பக்கத்தில் பக்கத்தில் வரும் மொழியில் இது முயன்று செய்ய வேண்டிய காரியம். வினைமுற்றைக் கடைசியில் வைத்தே பேசி வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு காதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நம்பி எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கு அவள் தன் தாளில் எழுதிய வாக்கியத்தின் தமிழ் இது: "பொறு என்று சொன்ன எட்டுப் பேரையும், ஒரு வாக்கியம் முடியும்வரை பொறுத்திருக்க வைக்கிறார், அந்தக் கொஞ்ச நேரமே தாங்கவில்லை என்பதை அவர்களே கண்டுகொள்ளட்டும் என்று."

அதற்குக் கீழே, நீளத்தையும் அரைப்புள்ளியையும் சான்றாகக் காட்டி இன்னும் நாலு வரி. ஓரத்தில் சிவப்பு மை விழ அங்கே இடம் இல்லை.